உண்ணிகளும் பூச்சிகளும் தோலுரிப்பு ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் விதம்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

அறிமுகம்

உண்ணி, கொசு, தெள்ளுப்பூச்சி, பட்டுப்புழு ஆகியவை கணுக்காலிகள் என்னும் பெரும் உயிரினத் தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றின் உடலைக் கடினமான மேல்தோல் மூடியிருக்கிறது. அத்தோல் உடலோடு சேர்ந்து வளராது. ஆகவே ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்திற்குச் செல்ல, இவை பழைய தோலைக் கழற்றிப் புதிய தோலை அணிய வேண்டியுள்ளது. இந்நிகழ்வைத் தொடங்கி வைப்பது தோலுரிப்பு ஹார்மோன் ஆகும். அந்த ஹார்மோன் உரிய நேரத்தில் உடலிலிருந்து நீங்கினால் மட்டுமே தோலுரிப்பு முழுமையடையும்.

உண்ணிக் கடியினால் காய்ச்சல் கண்டவர்களுக்கும், வீட்டில் நாய் அல்லது கால்நடை வளர்ப்பவர்களுக்கும், காட்டோரப் பகுதிகளில் வாழ்பவர்களுக்கும் இச்செய்தி பயன்படும். கீழே விழுந்த உண்ணி ஏன் மீண்டும் வருகிறது, சில மருந்துகள் ஏன் மெதுவாகப் பலன் தருகின்றன, அம்மருந்துகள் எவற்றைச் செய்ய இயலாது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

- தோலுரிப்பு ஹார்மோன் முதலில் உயர வேண்டும். பின்னர் குறைய வேண்டும். இரண்டில் எது தவறினாலும் உயிரி இறக்கக்கூடும்.
- உண்ணி தோலுரிக்கும்போது பழைய தோல் மட்டுமே நீங்குகிறது. அதன் உடலுக்குள் இருக்கும் நோய்க்கிருமி நீங்குவதில்லை.
- தோலுரிப்பைத் தடுக்கும் மருந்துகள் உங்கள் தோலில் ஒட்டியிருக்கும் உண்ணியைக் கொல்லாது. அதனை உடனே அகற்ற வேண்டும்.
- உண்ணி கடித்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரை அணுகி, கடித்த செய்தியைத் தவறாமல் தெரிவிக்கவும்.

தோலுரித்தல் என்றால் என்ன?

உண்ணியின் வாழ்வில் நான்கு நிலைகள் உள்ளன. முதலாவது முட்டை. முட்டையிலிருந்து ஆறு கால்களுடைய இளவுயிரி வெளிவருகிறது. அது ஒரு விலங்கின் குருதியை உறிஞ்சியபின் தோலுரித்து எட்டுக் கால்களுடைய இளம் உண்ணியாகிறது. இளம் உண்ணி மீண்டும் ஒருமுறை குருதி உறிஞ்சித் தோலுரித்து முதிர் உண்ணியாகிறது. வன்தோல் உண்ணிகள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறை மட்டுமே உணவு கொள்ளப்படுகிறது.

பழுப்பு நாய் உண்ணியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வீடுகளில் நாயின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. இதன் இளவுயிரி சில நாட்கள் குருதி உறிஞ்சிய பிறகு நாயின் உடலிலிருந்து தானாகவே கீழே விழுகிறது. விழுந்த பின்னர் சுவர் விரிசல், கதவுச் சட்டம், நாய்க்கூட்டின் மூலை போன்ற மறைவிடங்களைத் தேடிச் செல்கிறது. அங்கு ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் அசையாதிருந்து தோலுரிக்கிறது. பின்னர் அடுத்த உணவுக்காக மீண்டும் ஒரு நாயைத் தேடி ஏறுகிறது. இளம் உண்ணியும் இவ்வாறே செய்கிறது.

ஆகவே நாயின் உடலில் உண்ணி குறைந்துவிட்டது என்பதனால் வீட்டில் உண்ணி ஒழிந்துவிட்டது என எண்ணலாகாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது அடுத்த நிலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கலாம்.

தோலுரிப்பு ஹார்மோன் எவ்வாறு உருவாகிறது?

இந்த ஹார்மோனின் பெயர் எக்டைசோன். 1954ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர்களான அடால்ஃப் பூட்டெனாண்டும் பீட்டர் கார்ல்சனும் இதனை முதன்முதலாகத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். அவர்கள் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களைப் பயன்படுத்திப் பெற்றது வெறும் 25 மில்லிகிராம் ஹார்மோனே. மிகச் சிறிய அளவிலேயே இது வேலை செய்கிறது என்பது இதனால் விளங்கும்.

எக்டைசோன் ஒரு ஸ்டீராய்டு ஆகும். மனித உடலில் பாலின ஹார்மோன்களும் கார்ட்டிசோலும் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாவதைப் போலவே, எக்டைசோனும் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகிறது. எனினும் கணுக்காலிகளால் கொலஸ்ட்ராலைத் தாமே உற்பத்தி செய்ய இயலாது. அதனை உணவிலிருந்தே பெற வேண்டும். உண்ணிக்கு அது விலங்கின் அல்லது மனிதனின் குருதியிலிருந்து கிடைக்கிறது.

பூச்சிகளின் இளம் பருவத்தில், மார்புப் பகுதியில் உள்ள தனிச் சுரப்பி ஒன்று எக்டைசோனை உற்பத்தி செய்கிறது. உண்ணிகளில் அத்தகைய சுரப்பி காணப்படவில்லை. அவற்றின் மேல்தோலுக்கு அடியில் உள்ள செல்களே இந்த ஹார்மோனை உருவாக்குகின்றன என ஆய்வுகள் காட்டியுள்ளன. உருவான எக்டைசோனுடன் மேலும் ஓர் ஆக்சிஜன் அணு சேரும்போது 20-ஹைட்ராக்சி எக்டைசோன் உண்டாகிறது. பெரும்பாலான பூச்சிகளிலும் உண்ணிகளிலும் முழுவீச்சில் செயல்படும் வடிவம் இதுவே. செல்லுக்குள் இருக்கும் ஏற்பியுடன் இது இணைந்து, தோலுரிப்புக்குத் தேவையான மரபணுக்களை இயக்குகிறது.

ஹார்மோன் ஏன் நீங்க வேண்டும்?

தோலுரிப்பு பல படிகளில் நிகழ்கிறது. ஹார்மோன் உயரும்போது பழைய தோல் அடியிலுள்ள செல்களிலிருந்து விலகுகிறது; அதன் கீழே புதிய தோல் உருவாகத் தொடங்குகிறது. இது முதற்பகுதி. பழைய தோலைக் கிழித்துக்கொண்டு உயிரி வெளிவருவதும், புதிய தோல் இறுகுவதும் இரண்டாம் பகுதி. இவ்விரண்டாம் பகுதியைத் தொடங்கிவைக்கும் பிற ஹார்மோன்கள், எக்டைசோன் அளவு குறைந்த பின்னரே வெளியிடப்படுகின்றன.

பழ ஈக்களில் நடந்த ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. எக்டைசோனைச் சிதைக்கும் ஒரு நொதிக்குரிய மரபணுவை நீக்கிய ஈக்கள், உருமாற்றத்தை முடிக்க இயலாமல் கூட்டுப்புழுப் பருவத்திலேயே இறந்தன. அவற்றின் உடலில் ஹார்மோன் போதிய அளவு இருந்தது; உரிய நேரத்தில் அது நீங்கவில்லை என்பதே குறை.

மனித உடலிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஸ்டீராய்டு ஹார்மோன்களையும், நீங்கள் உட்கொள்ளும் பல மருந்துகளையும் கல்லீரலில் உள்ள நொதிகள் மாற்றியமைத்து, சிறுநீர் வழியாகவும் பித்தநீர் வழியாகவும் வெளியேறச் செய்கின்றன. கல்லீரல் நோயாளிகளுக்குச் சில மருந்துகளின் அளவைக் குறைத்துக் கொடுப்பது இதனால்தான். கல்லீரலில் இப்பணியைச் செய்யும் சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பமே பூச்சிகளிலும் எக்டைசோனை உருவாக்கவும் சிதைக்கவும் பயன்படுகிறது.

பூச்சிகள் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் வழிகள்

ஹார்மோன் மூலக்கூறு அதன் ஏற்பியில் சரியாகப் பொருந்தினால்தான் வேலை செய்யும். அதன் ஒரு முனையை மாற்றினாலோ, அதனுடன் வேறொரு பொருளை இணைத்தாலோ அது பொருந்தாது. பூச்சிகள் பின்வரும் வழிகளைக் கையாளுகின்றன.

1. ஆக்சிஜன் ஏற்றம். மூலக்கூற்றின் வால்பகுதியில் ஆக்சிஜன் சேர்க்கப்பட்டு, அது படிப்படியாக அமிலமாக மாற்றப்படுகிறது. எக்டைசோனாயிக் அமிலம் எனப்படும் இப்பொருளுக்கு ஹார்மோனின் ஆற்றல் இல்லை. இது கழிவுடன் வெளியேறுகிறது. பழ ஈக்களில் நீக்கப்பட்ட மரபணு இவ்வழிக்கு உரியதே.

2. வடிவ மாற்றம். மூலக்கூற்றின் மறுமுனையில் உள்ள ஒரு தொகுதி எதிர்த்திசைக்குத் திருப்பப்படுகிறது. அணுக்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. அமைப்பு மட்டுமே மாறுகிறது. இம்மாற்றத்திற்குப் பின் ஹார்மோனின் ஆற்றல் பெரிதும் குறைந்துவிடுகிறது. அந்துப்பூச்சி வகைப் புழுக்களின் நடுக்குடலில் இது நிகழ்கிறது.

3. பாஸ்பேட் இணைப்பு. ஹார்மோனுடன் பாஸ்பேட் தொகுதி இணைக்கப்படுகிறது. இது முட்டைகளில் சிறப்பாகக் காணப்படுகிறது. முட்டை மூடிய அறை போன்றது. அங்கிருந்து எதையும் வெளியேற்ற முடியாது. ஆகவே தாய்ப்பூச்சி ஹார்மோனைச் செயலற்ற வடிவில் முட்டைக்குள் வைத்துவிடுகிறது. பட்டுப்பூச்சியின் முட்டையில் கரு வளரத் தொடங்கியதும் ஒரு நொதி அந்தப் பாஸ்பேட்டை நீக்குகிறது. ஹார்மோன் மீண்டும் செயல்படத் தொடங்குகிறது.

4. கொழுப்பு அமில இணைப்பு. ஹார்மோனுடன் நீண்ட கொழுப்பு அமிலத் தொடர் ஒன்று இணைக்கப்படுகிறது. எக்டைசோன் கலந்த உணவை உண்ட சில அந்துப்பூச்சிப் புழுக்கள், அதனை இவ்வாறு மாற்றிக் கழிவுடன் வெளியேற்றித் தம்மைக் காத்துக்கொள்கின்றன. தாவரங்கள் பலவற்றில் எக்டைசோன் வகைப் பொருட்கள் இயற்கையாகவே உள்ளன. புழுக்கள் அவற்றை உண்ணாமல் தடுப்பதற்கான தற்காப்பாக அவை கருதப்படுகின்றன.

ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஆற்றலை ஒரு வைரசும் பயன்படுத்திக்கொள்கிறது. அந்துப்பூச்சிப் புழுக்களைத் தாக்கும் பாக்குலோவைரஸ், எக்டைசோனுடன் சர்க்கரை மூலக்கூறு ஒன்றை இணைக்கும் நொதியை உற்பத்தி செய்கிறது. இது 1989ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இந்நொதியினால் புழு தோலுரிக்காமல் தொடர்ந்து உண்டு வளர்கிறது. வைரசும் அதனுள் மேலும் பெருகுகிறது. இந்த வைரஸ் மனிதரைத் தாக்குவதில்லை.

உண்ணிகளில் இது எவ்வாறு நிகழ்கிறது?

உண்ணிகளில் கொழுப்பு அமில இணைப்பே சிறப்பிடம் பெறுகிறது. ஆப்பிரிக்காவில் மீள் காய்ச்சலைப் பரப்பும் ஆர்னிதோடோரஸ் மௌபாட்டா என்னும் மென்தோல் உண்ணியில் இது விரிவாக ஆராயப்பட்டது. பெண் உண்ணியின் உடலில் சேர்ந்த எக்டைசோனின் பெரும்பகுதி கொழுப்பு அமிலத்துடன் இணைந்து, அதன் முட்டைகளில் சேமிக்கப்படுவது தெரியவந்தது. மாட்டு உண்ணியின் புதிய முட்டைகளிலும் இதே வகைப் பொருட்கள் உள்ளன என்பது 1986ஆம் ஆண்டில் உறுதியானது. கொழுப்புடன் இணைந்த ஹார்மோன் நீரில் எளிதில் கரையாது, ஏற்பியையும் இயக்காது.

உண்ணிகளில் இந்த ஹார்மோனுக்கு வேறொரு பணியும் உண்டு. முதிர்ந்த பெண் உண்ணி மீண்டும் தோலுரிப்பதில்லை. எனினும் அது வயிறு நிறையக் குருதி உறிஞ்சிக் கீழே விழுந்த பின்னர் ஹார்மோன் அளவு உயர்கிறது. அதன் விளைவாக முட்டைகளுக்கான ஊட்டப்பொருள் உருவாகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் சில நாட்களில் சிதைந்துவிடுகின்றன. அவ்வாறு முட்டையிட்ட வன்தோல் உண்ணி மீண்டும் கடிப்பதில்லை, இறந்துவிடுகிறது. ஆனால் அது இறப்பதற்கு முன் ஆயிரக்கணக்கான முட்டைகளை விட்டுச் செல்கிறது. பெருத்த உண்ணியைத் தரையில் கண்டால் கண்டும் காணாமல் விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

தோலுரித்த பின்னும் கிருமி நிலைக்கிறது

நோயாளிகள் முதன்மையாக அறிய வேண்டிய செய்தி இது. இளவுயிரி நிலையில் உண்ணியின் உடலுக்குள் புகுந்த வைரசோ நுண்ணுயிரியோ, அது தோலுரித்து இளம் உண்ணியாகும்போதும் உள்ளே தொடர்ந்து வாழக்கூடும். ஒரு விலங்கிடமிருந்து பெற்ற கிருமியை, அடுத்த நிலையில் வேறோர் உயிரிடம் உண்ணி சேர்ப்பது இவ்வாறுதான்.

கியாசனூர் வனக் காய்ச்சல். இது குரங்குக் காய்ச்சல் எனவும் அழைக்கப்படும். கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் 1957ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும், கேரளத்தின் வயநாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களிலும் காணப்பட்டது. காட்டில் வாழும் ஒருவகை உண்ணியின் இளவுயிரி, நோயுற்ற குரங்கு அல்லது சிறு பாலூட்டியிடமிருந்து வைரசைப் பெறுகிறது. அது தோலுரித்து இளம் உண்ணியாகிய பின்னர் மனிதரைக் கடிக்கிறது. இளம் உண்ணிகள் மிகுதியாக நடமாடும் டிசம்பர் முதல் மே வரையிலான மாதங்களில் நோயும் மிகுதியாகக் காணப்படுகிறது.

இந்திய உண்ணி டைபஸ். ரிக்கெட்சியா என்னும் நுண்ணுயிரியால் உண்டாகிறது. நாய் உண்ணி இதனைப் பரப்பக்கூடும். காய்ச்சல், தலைவலி, உடலில் தடிப்புகள் ஆகியவை இதன் அறிகுறிகள்.

ஸ்க்ரப் டைபஸ். தமிழ்நாட்டில் இது பரவலாகக் காணப்படுகிறது. இதனைப் பரப்புவது உண்ணியின் உறவினமான மிகச் சிறிய சிற்றுண்ணி. இதில் இளவுயிரி மட்டுமே மனிதரைக் கடிக்கிறது. தோலுரித்து அடுத்த நிலைக்குச் சென்றபின் அது மண்ணில் வாழ்ந்து பிற சிற்றுயிர்களை உண்கிறது. கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவும் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. கடித்த இடத்தில் வலியற்ற கரும்பொருக்கு தோன்றுவது முக்கிய அடையாளமாகும். ஆனால் அனைவருக்கும் அது தோன்றுவதில்லை.

இம்மூன்று நோய்களும் நோயாளியைத் தொடுவதாலோ, அருகில் அமர்ந்து பணிவிடை செய்வதாலோ பரவுவதில்லை. பராமரிப்பாளர்கள் இது குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

தோலுரிப்பைக் குறிவைக்கும் மருந்துகள்

பூச்சிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் வளர்ச்சி ஒழுங்குபடுத்திகள் எனப்படும். அவை மூன்று வகைப்படும்.

- எக்டைசோனைப் போல நடிப்பவை. டெபுஃபெனோசைடு இவ்வகையைச் சேர்ந்தது. பயிர்களைத் தாக்கும் புழுக்களுக்கு எதிராகப் பயன்படுகிறது. இது ஹார்மோனின் ஏற்பியில் பொருந்தித் தோலுரிப்பைத் தொடங்கிவைக்கிறது. ஆனால் இயற்கை ஹார்மோனைப் போல இதனைப் புழுவால் விரைவில் நீக்க முடிவதில்லை. தோலுரிப்பு பாதியில் நின்று, புழு பழைய தோலுக்குள்ளேயே சிக்கி இறக்கிறது.
- புதிய தோல் உருவாவதைத் தடுப்பவை. டைஃப்ளூபென்சுரான் கொசுப்புழு ஒழிப்பில் பயன்படுகிறது. ஃப்ளூஅசுரான் மாட்டு உண்ணிக்கு எதிராகப் பயன்படுகிறது. தோலின் முக்கியப் பொருளான கைட்டின் சேராததால், தோலுரிக்கும் வேளையில் உயிரி இறக்கிறது.
- இளமை ஹார்மோனைப் போல நடிப்பவை. பைரிப்ராக்சிஃபென் இவ்வகையைச் சேர்ந்தது. இளமை ஹார்மோன் என்பது பூச்சியை முதிரவிடாமல் வைத்திருக்கும் வேறொரு ஹார்மோன். இம்மருந்தால் கொசுப்புழு கொசுவாக மாற இயலாமற் போகிறது.

இவை அனைத்தும் மெதுவாகவே வேலை செய்யும். பைரிப்ராக்சிஃபென் இட்ட தொட்டியில் புழுக்கள் சில நாட்கள் நெளிவதைக் கண்டு மருந்து பலனளிக்கவில்லை என எண்ணி, நீங்களே கூடுதல் மருந்தைச் சேர்க்க வேண்டாம். அப்புழுக்களில் பெரும்பாலானவை கொசுவாக வெளிவருவதில்லை. குடிநீர்க் கொள்கலன்களில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மிகாத அளவில் இதனைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ளது. அந்த அளவைப் பயிற்சி பெற்ற பணியாளர்களே இட வேண்டும்.

தெள்ளுப்பூச்சிக்குப் பயன்படும் மருந்து உண்ணிக்கும் அதே பலனைத் தரும் எனக் கருதக்கூடாது. உண்ணிகளில் பூச்சிகளுக்குரிய இளமை ஹார்மோன் இருப்பதாக ஆய்வுகளில் காணப்படவில்லை. எம்மருந்து பொருத்தமானது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அறியவும்.

இந்த ஹார்மோன் மனிதரைப் பாதிக்குமா?

மனித உடலில் எக்டைசோனுக்குரிய பூச்சி ஏற்பி இல்லை. உண்ணி கடிப்பதால் உங்கள் ஹார்மோன்களின் சமநிலை கெடுவதில்லை. பசலைக்கீரை போன்ற உணவுகளில் 20-ஹைட்ராக்சி எக்டைசோன் சிறிதளவு இயற்கையாகவே உள்ளது. அதனை உண்பதால் தீங்கில்லை.

எனினும் தசை வளர்ச்சிக்கென எக்டைஸ்டிரோன் என்னும் பெயரில் இதே பொருள் மாத்திரையாக விற்கப்படுகிறது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2020ஆம் ஆண்டு முதல் இதனைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் வைத்துள்ளது. சந்தையிலுள்ள தயாரிப்புகளில் உள்ள அளவு, சீட்டில் அச்சிட்ட அளவோடு ஒத்துப்போகாமல் இருப்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. சிறுநீரக நோயாளிகள், கல்லீரல் நோயாளிகள், கருவுற்ற தாய்மார்கள், நீண்டகால மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளக்கூடாது.

உண்ணி ஒட்டியிருந்தால் என்ன செய்ய வேண்டும்?

1. கூர்முனைச் சாமணம் ஒன்றினால் உண்ணியைத் தோலுக்கு மிக அருகில் பற்றவும்.
2. திருகாமல், உலுக்காமல், சீராக மேல்நோக்கி இழுக்கவும்.
3. வாய்ப்பகுதி தோலில் தங்கிவிட்டால், எளிதில் வந்தால் மட்டும் எடுக்கவும். தோண்ட வேண்டாம்.
4. கடித்த இடத்தையும் கைகளையும் சோப்பு இட்டு நன்கு கழுவவும்.
5. உண்ணியை விரலால் நசுக்க வேண்டாம். ஒட்டுநாடாவில் இறுக ஒட்டியோ, ஸ்பிரிட்டில் இட்டோ அப்புறப்படுத்தவும்.
6. கடித்த நாளையும் இடத்தையும் குறித்து வைக்கவும்.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, சூடு, தீக்குச்சி ஆகியவற்றைப் பயன்படுத்தக்கூடாது. அவை உண்ணி விரைவில் விடுவதற்கு உதவுவதில்லை. தோலில் புண் உண்டாக்கும். நாய்க்கும் மாட்டுக்கும் உரிய உண்ணி மருந்தை மனித உடலில் பூசவும் கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

உண்ணி கடித்த பின்னரோ, காடு, புதர், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றிற்குச் சென்று வந்த பின்னரோ மூன்று வாரங்களுக்குள் பின்வருவனவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

- காய்ச்சல், கடுமையான தலைவலி, தசைவலி
- உடலில் தடிப்புகள் அல்லது கரும்பொருக்கு
- வாந்தி, வயிற்றுப்போக்கு

பின்வருவன அவசர அறிகுறிகள். இவற்றுள் ஒன்று இருந்தாலும் 108 எண்ணை அழைக்கவும்.

- மூக்கு, ஈறு, மலம் வழியாகக் குருதி கசிதல்
- மூச்சுத்திணறல்
- குழப்பம், வலிப்பு, அளவு மீறிய தூக்கம்
- சிறுநீர் மிகக் குறைதல்

ஸ்க்ரப் டைபஸ், உண்ணி டைபஸ் ஆகியவற்றுக்கு டாக்சிசைக்ளின் சிறந்த மருந்தாகும். கருவுற்ற தாய்மார்களுக்கு வேறு மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். தாமதமின்றித் தொடங்கினால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கக்கூடும், அது முறையானதே. கியாசனூர் வனக் காய்ச்சலுக்குத் தனிச்சிறப்பான வைரஸ் எதிர்ப்பு மருந்து இல்லை. நீர்ச்சத்தைக் காத்தல், குருதிக் கசிவைக் கண்காணித்தல் ஆகியவை உயிர்காக்கும். காரணம் தெரியாத காய்ச்சலில் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ள வேண்டாம். அவை குருதிக் கசிவை மிகுவிக்கக்கூடும்.

வீட்டில் உண்ணியைக் கட்டுப்படுத்துதல்

உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை விலங்கின் உடலுக்கு வெளியே கழிக்கிறது. ஆகவே நாய்க்கு மருந்திடுவதோடு அது படுக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும்.

- நாயின் விரிப்பை வாரந்தோறும் கொதிநீரில் துவைத்து வெயிலில் உலர்த்தவும்.
- சுவர் விரிசல்களையும் தரை இடுக்குகளையும் பூசி அடைக்கவும்.
- சிகிச்சையை ஒரு முறையோடு நிறுத்த வேண்டாம். மறைவிடத்தில் தோலுரித்துக்கொண்டிருந்தவை சில வாரங்களுக்குப் பின் வெளிவரும். கால்நடை மருத்துவர் குறித்த இடைவெளியில் மீண்டும் மருந்திடவும்.
- பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்துகள் பூனைக்கு நச்சாகும்.
- உண்ணி மருந்துகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவும். அமிட்ராஸ் என்னும் மருந்தை விழுங்கினால் மயக்கமும் இதயத் துடிப்புக் குறைவும் ஏற்படும். வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துப் புட்டியுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

காட்டுப் பகுதிக்குச் செல்வோர் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள்ளவும். திரும்பியதும் குளித்து, அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், தலைமயிர் ஆகிய இடங்களைப் பார்க்கவும். காட்டில் இறந்த குரங்கைக் கண்டால் அருகில் செல்லாமல் வனத்துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ தெரிவிக்கவும். இறந்த குரங்கின் உடலிலிருந்து உண்ணிகள் அவ்விடத்தில் பரவியிருக்கும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

உண்ணி தானாக விழுந்துவிட்டது. ஆபத்து நீங்கிவிட்டதா?
இல்லை. அது உணவை முடித்து விழுந்திருக்கலாம். மூன்று வாரங்கள் உடல்நிலையைக் கவனிக்கவும். வீட்டில் தேடி அகற்றவும்.

உண்ணி கடித்தவுடன் மாத்திரை உட்கொள்ள வேண்டுமா?
அறிகுறி ஏதுமின்றி நீங்களாக உட்கொள்ள வேண்டாம். பெரும்பாலான கடிகளால் நோய் உண்டாவதில்லை.

கழற்றிய தோல் கிடந்தால் அதிலிருந்து நோய் வருமா?
வெறும் தோல் கடிப்பதில்லை. ஆனால் அங்கு அடுத்த நிலை உண்ணி ஒன்று வெளிவந்துள்ளது என்பதற்கு அது அடையாளம். அவ்விடத்தைச் சுத்தம் செய்யவும்.

மேலும் விளக்கம் தேவைப்படின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். அல்லது தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் தொடர்பு கொள்ளவும்.

இப்பக்கத்தில் தரப்பட்டுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.